பறிப்பு நாளைப் பார்த்து மருந்தடியுங்கள்: காய்கறி விவசாயிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் கத்தரியோ தக்காளியோ வைத்திருக்கும் ஒரு விவசாயியிடம் எந்தப் புழுவுக்கு என்ன மருந்து என்று கேட்டால் கடகடவென்று சொல்வார். டேங்குக்கு எத்தனை மில்லி என்பதும் அவருக்கு மனப்பாடம். அடித்த பிறகு எத்தனை நாள் விட்டுக் காய் பறிக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒரு பதில் வரும். இரண்டு நாள் போதும் என்பார் ஒருவர். ஒரு மழை பெய்தால் எல்லாம் கழுவிப் போய்விடும் என்பார் இன்னொருவர். பாட்டிலில் பச்சை முக்கோணம் போட்ட, நச்சு குறைந்த மருந்துதானே, அன்றைக்கே பறிக்கலாம் என்பவரும் உண்டு.

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் காயில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. தமிழகக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக 2015இல் கேரள அரசு பிரச்சினை எழுப்பியபோது இங்குள்ள மண்டிகள் வரை அந்தப் பதற்றம் வந்தது. அதை அரசியலாக மட்டும் பார்த்து ஒதுக்கிவிட முடியாது. அந்தக் காயை நம் வீட்டிலும்தான் சமைக்கிறோம். அதைவிட முக்கியம், மருந்தை முதலில் உடம்பில் வாங்குவது அடிக்கிறவரும் அடுத்த நாள் வயலில் இறங்கிக் காய் பறிக்கும் பெண்களும்தான்.

பூச்சியைப் பார்த்து மருந்து வாங்கும் வழக்கத்தைச் சற்று மாற்றி, அடுத்த பறிப்பு எப்போது என்று பார்த்து மருந்து வாங்கினால் பாதிப் பிரச்சினை கடையிலேயே தீர்ந்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கை வைத்துத்தான் போகிறது.

கடைக்குப் போகுமுன் வயலைப் பாருங்கள்

பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடித்துவிட்டார் என்பது நாம் மருந்தடிக்கக் காரணம் ஆகாது. காலையில் வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் சில செடிகளை இலையைத் திருப்பிப் பாருங்கள். கத்தரியில் நுனித்தண்டு வாடித் தொங்கினால் தண்டுத்துளைப்பான் உள்ளே இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளிக் கையோடு எடுத்துப் போய் அழித்தாலே அடுத்த தலைமுறைப் புழு குறையும். வயலிலேயே போட்டுவிட்டு வந்தால் பயன் இல்லை, புழு வெளியேறி அடுத்த செடிக்குப் போய்விடும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் தாய் அந்துப்பூச்சி எப்போது வருகிறது என்பது தெரியும். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள் ஒட்டும் அட்டை.

தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் வேப்பங்கொட்டைச் சாறு நன்றாக வேலை செய்யும். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ வேப்பம் பருப்பு. அதை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் வீரியம் சீக்கிரம் போய்விடும். புழு பெரிதாகிக் காய்க்குள் போன பிறகு இதை அடித்துவிட்டு வேம்பு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை.

கடையில்

இலையைக் காட்டி, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மூன்று நான்கு பாட்டிலைக் கடனுக்கு வாங்கி வருவதுதான் பல ஊரில் நடைமுறை. எல்லாக் கடைக்காரரும் தவறாகச் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அடுத்த பறிப்பு எந்த நாள் என்பது அவருக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். 'வெண்டையில் காய்ப்புழு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிறேன், அதற்கு ஏற்ற மருந்து எது?' என்று கேட்டுப் பாருங்கள். வேறு பாட்டில் வரலாம், மருந்தே வேண்டாம் என்ற பதிலும் வரலாம்.

மருந்தைக் கம்பெனிப் பெயரால் கேட்காதீர்கள், உள்ளே இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் பாருங்கள். ஒரே மூலப்பொருள் பல பெயர்களில் வருகிறது. போன வாரம் அடித்தது கேட்கவில்லை என்று வேறு பெயரில் அதையே வாங்கி மறுபடி அடிப்பவர்கள் நிறையப் பேர். மூலப்பொருள் வேறாக இருந்தாலும் வேலை செய்யும் விதம் ஒன்றாக இருக்கலாம். இமிடாக்குளோபிரிட், தயோமீத்தாக்சம், அசிட்டாமிப்ரிட் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு அடங்காத வெள்ளை ஈக்கு இன்னொன்றை அடிப்பதால் எதிர்ப்புச் சக்திதான் வளரும். கடைக்காரரிடம் 'இது வேற குரூப்பா?' என்று கேளுங்கள்.

மோனோகுரோட்டோபாஸ் காய்கறியில் பயன்படுத்த 2005லேயே தடை வந்துவிட்டது. குருணை மருந்தாகப் பழகிய போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் ஆகியவை 2018இல் வந்த அரசாணைப்படி 2020 டிசம்பர் 31ஆம் தேதியிலிருந்து முழுத் தடையில் இருக்கின்றன. பழைய சரக்கு மிச்சம் இருக்கிறது, விலை குறைவு என்று யாராவது தந்தால் வாங்க வேண்டாம். லேபிளே இல்லாமல், பதிவு எண் இல்லாமல், 'இயற்கை மருந்து, ஒரே அடியில் புழு விழும்' என்று விற்கப்படும் பாட்டிலையும் நம்பாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது காத்திருப்பு நாளும், அதாவது அடித்த பிறகு பறிக்கும்வரை விட வேண்டிய நாளும், தெரியாது. ஏதாவது ஆகிவிட்டால் என்ன சிகிச்சை தருவது என்று மருத்துவருக்கும் தெரியாது.

பில் வாங்குங்கள். அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கட்டும். மருந்து வேலை செய்யாவிட்டால் வேளாண்மைத் துறையிடம் புகார் கொடுக்க அந்தக் காகிதம்தான் ஆதாரம்.

லேபிளைப் படிப்பது

பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டோ பெட்டிக்குள் மடித்துவைத்தோ ஒரு மெல்லிய தாள் வரும். பிரித்தால் துண்டு அகலத்துக்கு விரியும். பல மொழிகளில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. பெரும்பாலும் கடை வாசலிலேயே அது கீழே கிடக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, செல்போன் கேமராவில் பெரிதாக்கி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொன்னாலும் சரி, படித்தே ஆக வேண்டும். நமக்கு வேண்டியது அதில் ஒரு அட்டவணை: பயிர், பூச்சி, ஹெக்டேருக்கு மருந்து அளவு, தண்ணீர் அளவு, கடைசிக் கட்டத்தில் காத்திருப்பு நாள்.

முதலில் உங்கள் பயிரின் பெயர் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். பருத்திக்கு மட்டும் பதிவான மருந்தைக் கத்தரிக்கு அடித்தால் எத்தனை நாளில் எச்சம் குறையும் என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது முக்கோண நிறம். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதிக நச்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நச்சு. விஷயம் தெரிந்தவர்கள்கூட சறுக்கும் இடம் இது. அந்த நிறம் மருந்து நேராக உடம்புக்குள் போனால் எவ்வளவு ஆபத்து என்பதை மட்டுமே சொல்கிறது. காயில் எத்தனை நாள் தங்கும் என்பதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு உதாரணம். காய்ப்புழுவுக்குப் பரவலாக அடிக்கப்படும் குளோரன்ட்ரானிலிப்ரோல் 18.5 சதவீத மருந்துக்குப் பச்சை முக்கோணம். அதன் காத்திருப்பு நாள் தக்காளியில் 3, வெண்டையில் 5, பாகலில் 7. கத்தரியில் 22. அதே மருந்துதான், பயிர் மாறியதும் மூன்று நாள் மூன்று வாரமாகிவிட்டது. இமிடாக்குளோபிரிட் 17.8 சதவீதம் தக்காளிக்கும் வெண்டைக்கும் 3 நாள், மிளகாய்க்கு 40 நாள். ஆகவே 'போன போகம் தக்காளிக்கு அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற அனுபவத்தை அடுத்த பயிருக்குக் கொண்டுபோக முடியாது. மருந்தின் சதவீதமும் வடிவமும் மாறினால் இந்த எண்களும் மாறலாம் என்பதால் கையில் இருக்கும் பாட்டிலின் தாளில் உள்ளதையே கணக்கில் எடுங்கள்.

பறிப்பு நாளிலிருந்து பின்னால் எண்ணுங்கள்

கத்தரியை எடுத்துக்கொள்வோம். காய்ப்பு வந்துவிட்டால் நான்கைந்து நாளுக்கு ஒரு பறிப்பு. அப்போது 22 நாள் காத்திருப்பு உள்ள மருந்தை அடித்தால் நான்கு பறிப்பையாவது கீழே கொட்ட வேண்டும். யாரும் கொட்ட மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் அந்த மருந்துக்கு இடம் காய்ப்புக்கு முன்னால்தான். நட்ட 55ஆம் நாள் முதல் பறிப்பு வரும் என்று வைத்தால் 33ஆம் நாளுக்குள் அதை முடித்துவிட வேண்டும். தண்டுத்துளைப்பான் நுனியைத் தாக்கும் பருவமும் ஏறக்குறைய அதுதான். காய்ப்பு தொடங்கிய பிறகு தேவைப்பட்டால் கத்தரியில் 3 நாள் காத்திருப்புள்ள எமாமெக்டின் பென்சோயேட் 5 சதவீதம் மாதிரி ஒன்றை, பறித்து முடித்த அன்று மாலையே அடிக்கலாம். அடுத்த பறிப்பு வருவதற்குள் காத்திருப்பு நாள் கழிந்துவிடும்.

பறித்த அன்று அடிப்பது, பறிப்புக்கு முந்தின நாள் அடிப்பது இரண்டிலும் செலவு ஒன்றுதான். ஆனால் பலர் முந்தின நாள் மாலை அடிக்கிறார்கள். காய் பளபளப்பாக இருக்கும், மண்டியில் புழு தெரியாது என்ற எண்ணம். அந்தக் காய் அடுத்த நாள் யாரோ ஒரு வீட்டில் குழந்தையின் தட்டுக்குப் போகிறது. செடிக்குள் ஊடுருவும் மருந்தாக இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. இந்த ஒரு வழக்கத்தை விட்டுவிட்டாலே பெரிய மாற்றம் வரும்.

வெண்டைதான் உண்மையிலேயே சிக்கலான பயிர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றி நார் ஏறிவிடும். 5 நாள் காத்திருப்பு என்றால் இரண்டு பறிப்பு போகும். அதனால் வெண்டையில் கனமான வேலை எல்லாம் பூக்கும் முன்பே முடிய வேண்டும்: விதை நேர்த்தி, வெள்ளை ஈயைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்துவது, மஞ்சள் நரம்பு நோய் வந்த செடியைப் பிடுங்கி அழிப்பது. பறிப்புக் காலத்தில் வேப்பங்கொட்டைச் சாறு, புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து, சொத்தைக் காயைப் பொறுக்கி எடுப்பது என்று ஓட்டுவதுதான் சரி. அப்படியும் ரசாயன மருந்து அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பிஞ்சு வரை எல்லாக் காயையும் பறித்துவிட்டு அடியுங்கள். இடையில் முற்றுவதை நட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.

கடையில் வாங்கும் வேம்பு மருந்துக்கும் லேபிளில் காத்திருப்பு நாள் உண்டு. பூஞ்சாண மருந்துக்கும் உண்டு. புழு மருந்துக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

அளவு: மூடிக் கணக்கு வேண்டாம்

டேங்குக்கு ஒரு மூடி என்பது 10 லிட்டர் கைத்தெளிப்பான் காலத்துப் பழக்கம். இப்போது பேட்டரி ஸ்பிரேயர் 16 லிட்டர், மூடியின் அளவும் கம்பெனிக்கு ஒன்று. பத்து ரூபாய் ஊசிக்குழல் அல்லது அளவுக் குவளை ஒன்றை மருந்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கைவேகத்துக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று பாருங்கள். வெறும் தண்ணீரை ஊற்றி 5 சென்ட் அடியுங்கள். 10 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர். இனி மருந்துக்கு வருவோம். தக்காளிக்கு மேலே சொன்ன குளோரன்ட்ரானிலிப்ரோல் ஹெக்டேருக்கு 150 மில்லி. ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், எனவே ஏக்கருக்கு 60 மில்லி. 200 லிட்டருக்கு 60 மில்லி என்றால் 16 லிட்டர் டேங்குக்கு 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் வயலுக்கு 150 லிட்டரே போதும் என்றால் டேங்குக்கு 6.4 மில்லி. இரண்டிலும் ஏக்கருக்குப் போகும் மருந்து ஒன்றுதான்.

அளவைக் கூட்டி ஊற்றுவதால் அதிகப் புழு சாகாது. லேபிள் அளவில் சாக வேண்டிய புழு சாகவில்லை என்றால் மருந்து எதிர்ப்பு வந்திருக்கலாம், நாசில் சரியில்லாமல் இலையின் அடியில் மருந்து படாமல் இருக்கலாம், அல்லது புழு காய்க்குள் போயிருக்கலாம். இதில் எதற்கும் அளவைக் கூட்டுவது தீர்வு ஆகாது.

புழு மருந்து, சாறுறிஞ்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, கூடவே டானிக் என்று நான்கையும் ஒரே டேங்கில் கலப்பது கூலி மிச்சம் என்று தோன்றும். திரிந்து போவதும் இலை கருகுவதும் அதனால்தான். எது வேலை செய்தது என்றும் கடைசி வரை தெரியாது. லேபிள் அனுமதிக்காத கலவை வேண்டாம்.

கலக்கும் நேரம்

அடிக்கும்போதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். நீர் சேராத மருந்தைத் திறந்து ஊற்றும் அந்த இரண்டு நிமிடமே மிக ஆபத்தானது, அப்போது ஒரு துளி தெறித்தாலும் முழு வீரியம். ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் அந்த நேரத்தில்தான் வெறுங்கை. கையையே விட்டுக் கலக்குபவர்களும் இருக்கிறார்கள்.

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று கலக்குங்கள். டேங்கில் பாதித் தண்ணீர், அப்புறம் மருந்து, பிறகு மீதித் தண்ணீர். தூள் மருந்தாக இருந்தால் சிறு வாளியில் குழைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். கலக்கக் குச்சி. கிணற்று மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் கலக்க வேண்டாம். பக்கத்தில் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள். காலியான பாட்டிலை மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றுங்கள். மருந்து வீணாகாது, பாட்டிலும் ஓரளவு சுத்தமாகும்.

உடம்பு

பாதுகாப்பு உடைப் படங்களில் காட்டுவது போல் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடை போட்டுக்கொண்டு திண்டுக்கல் வெயிலில் யாராலும் ஒரு டேங்க் முடிக்க முடியாது. அதைச் சொல்லிச் சொல்லியே விவசாயிகள் மற்ற எதையும் கேட்காமல் போய்விட்டார்கள் என்பது என் எண்ணம். முடிந்ததைத் தவறாமல் செய்யலாம். கையுறை, கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை, நீளமான பேன்ட், தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும், உள்ளே விட்டால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் இறங்கும். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் கட்டுங்கள். மூடியில் கசியும் மருந்து முதுகு வழியாக இடுப்புக்குக் கீழே இறங்குவதைப் பலர் வியர்வை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தொடையிடுக்கு, நெற்றி, தலைத்தோல் ஆகிய இடங்களில் மருந்து வேகமாக உள்ளே போகும்.

மூக்கில் கட்டும் துண்டு ஈரமானதும் மருந்தை மூக்கோடு ஒட்டிவைக்கும் துணியாகிவிடுகிறது. வடிகட்டி பொருத்திய முகமூடி வாங்குங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் செலவு குறையும், ஆனால் ஆளுக்கு ஒன்று வேண்டும். கூலிக்கு அடிக்க வருபவருக்கு இதெல்லாம் வாங்கித் தருவது தோட்டக்காரரின் பொறுப்பு. அவர் டேங்க் கணக்கில் கூலி வாங்குவதால் வேகமாக முடிக்கத்தான் பார்ப்பார்.

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆள் உயரச் செடிக்குள் நடந்து அடித்ததும், மருந்துகளைக் கலந்ததும், பாதுகாப்பு உடை இல்லாததும் அப்போது பேசப்பட்டன. பந்தலில் பாகலும் புடலையும் போட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலைக்கு மேல் அடிக்கும்போது மருந்து முகத்திலேயே விழுகிறது. பந்தலுக்கு அடிக்கையில் சட்டைக் கையைக் கையுறைக்குள் விடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய கை வழியாகச் சட்டைக் கைக்குள் மருந்து வடியும்.

அடிக்கும்போதும் அடித்த பிறகும்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலை. பூவெடுத்த பயிருக்கு மாலைதான் நல்லது, பாகலிலும் பூசணியிலும் காலையில் தேனீ வேலை செய்யும், அது இல்லாமல் காய் பிடிக்காது. இலை லேசாக அசையும் காற்று போதும். காற்றுக்கு எதிராக நடக்காதீர்கள். பீடி, வெற்றிலை, தண்ணீர் எதுவாக இருந்தாலும் கைமுகம் சோப்பால் கழுவிய பிறகுதான். நாசில் அடைத்தால் வாயால் ஊதுவது இன்னும் நடக்கிறது, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். களைக்கொல்லிக்கு வேறு டேங்க். அடியில் மிச்சம் இருக்கும் களைக்கொல்லியே தக்காளிச் செடியைச் சுருட்டிவிடும்.

டேங்கைக் கழுவிய தண்ணீரை அடித்த வயலிலேயே தெளியுங்கள். காலிப் பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது அதில் மண்ணெண்ணெயோ எண்ணெயோ ஊற்றி வைப்பார்கள். மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலுக்கோ குளிர்பானப் பாட்டிலுக்கோ ஒருபோதும் மாற்றாதீர்கள். பூட்டு உள்ள பெட்டியில், சமையலறையும் தீவனமும் இல்லாத இடத்தில் வையுங்கள். வந்ததும் சோப்பு போட்டுக் குளியுங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள், வீட்டுப் பெண்களிடம் கொடுப்பதாக இருந்தால் கையுறையோடு கொடுங்கள்.

லேபிளில் வேறு மாதிரி சொல்லாதவரை 24 மணி நேரத்துக்கு யாரும் அந்த வயலில் இறங்கக் கூடாது. களையெடுக்க ஆள் சொல்லியிருந்தால் தள்ளிப்போடுங்கள். வரப்பில் ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டிவிட்டால் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். தேதி, மருந்தின் மூலப்பொருள், எந்தத் தேதியில் பறிக்கலாம், மூன்றையும் வீட்டு நாள்காட்டியிலேயே எழுதிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் பறிப்பவர்களுக்குத் தெரியும்.

உடம்புக்கு முடியாமல் போனால்

தலைவலி, தலைசுற்றல், அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், கண்ணில் நீர், பார்வை மங்கல், வாந்தி, தசை துடித்தல், நெஞ்சு இறுக்கம். குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் வகை மருந்துகளில் இவை வரும். வெயில் தலைக்கேறிவிட்டது என்று மோர் குடித்துவிட்டுப் படுத்துவிடக் கூடாது. உடனே நிறுத்தி, வயலை விட்டு வெளியே கொண்டுவந்து, உடையைக் கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். உதவி செய்பவரும் கையுறை போட வேண்டும்.

சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நினைவு தப்பியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். மருந்துப் பாட்டிலை, அந்த மெல்லிய தாளோடு, கையில் எடுத்துப் போங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் மாற்று மருந்து உண்டா, எது என்று மருத்துவர் உடனே முடிவு செய்ய முடியும். களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே இல்லை என்பதால் அதில் ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது.

குணமாகி வீட்டுக்கு வந்த பிறகும் உடனே டேங்கைத் தோளில் மாட்டாதீர்கள். குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ் வகை மருந்துகள் உடம்பில் முடக்கிய நொதி பழைய அளவுக்கு வரப் பல வாரம் ஆகும். அந்த நாட்களில் முன்பு தாங்கிய அளவைவிடக் குறைவாகப் பட்டாலே மறுபடி மயக்கம் வரலாம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மருந்தடிப்பை வேறு ஆளிடம் விடுங்கள், கலக்குவதையும் சேர்த்துத்தான்.